முசுறு ஏறிய கொல்லை

ஆண்டியப்பன் மரத்திலிருந்து விழுந்த அன்று கடைசிவரை மழையே பெய்யவில்லை. நார்த்தாமலைப் பக்கமிருந்து கருகருவென்று கட்டிக்கொண்டு வந்த மேகம் எங்கேயோ போய்க் கரைந்துவிட்டது. அவன் மனைவி காத்தாயிக்கு அதுதான் கடைசிவரை ஆறவில்லை. அந்த மழைக்குப் பயந்துதான் அவன் மரத்தில் ஏறினான்.

முந்திரிக்கொட்டைக்காக யாரும் மரம் ஏறுவதில்லை. பழம் பழுத்துத் தானாக விழும். விழுந்ததைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டால் மரத்திலிருக்கும் கொட்டையெல்லாம் நனைந்து கறுத்துவிடும். அப்புறம் அதை வாங்க ஆள் இருக்காது. அதனால் மேகத்தைப் பார்த்ததும் அண்ணன் சோலையப்பன் தம்பியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏறி உலுக்குடா! வந்திருச்சு, வந்திருச்சு!"

ஆலங்குடிக்குக் கிழக்கே, செம்மண்ணில், அவர்களுடைய அப்பா காலத்தில் வைத்த கொல்லை அது. மரங்கள் எல்லாம் முதிர்ந்து, கிளையோடு கிளை பின்னிக் கிடக்கும். எந்த மரத்தைப் பார்த்தாலும் பச்சை இலைகளை ஒன்றோடொன்று இழுத்து வெள்ளை நூலால் தைத்த மாதிரி முசுறுக் கூடு தொங்கும். செக்கச்செவேல் என்று நீளக்கால் எறும்பு. கிளையைத் தொட்டால் போதும், கூட்டமாக இறங்கிவிடும். சாதாரணமாக மரத்தில் ஏறவேண்டி வந்தால் கைகாலில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அன்று அதற்கு நேரம் ஏது? ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே ஏறினான். உச்சிக்கிளையில் நின்று இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். தலைக்கு மேலிருந்த பெரிய கூடு ஒன்று பிய்ந்து அவன் முகத்திலேயே விழுந்தது.

காத்தாயி கீழே கூடையோடு நின்றாள். அவன் கையை விட்டுக் கண்ணைப் பொத்தியதை அவள் பார்த்தாள். வேலிக்காக அடுக்கி வைத்திருந்த செம்புறாங்கல் குவியலின் மேல் முதுகு அடிபட விழுந்தான். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

ஓடிப்போய் மடியில் எடுத்து வைத்தபோது எறும்புகள் அவன் இமையைக் கடித்தபடியே இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உடம்பு மட்டும் கையோடு வந்தது. தலை, கடித்த இடத்திலேயே கவ்விக்கொண்டு நின்றது. முகமெல்லாம் ஒரு புளித்த வாடை. வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம். பிள்ளை இல்லை.

கருமாதி முடிந்ததும் அவளுடைய அண்ணன் ராக்கன் கூட்டிப்போக வந்தான். மூட்டையைக்கூட அமராவதி கட்டி வைத்துவிட்டாள். அமராவதி சோலையப்பனின் மனைவி, காத்தாயிக்கு ஓரகத்தி. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த வீட்டை ஓட்டியவள் அவள்தான். சண்டைக்காரி இல்லை. வந்த நாளிலிருந்து காத்தாயியைத் தங்கச்சி மாதிரிதான் வைத்திருந்தாள்.

"நான் வரல," என்றாள் காத்தாயி.

"இங்க இருந்து என்னத்தைப் பாக்கப் போறே?" என்று ராக்கன் கேட்டான்.

அவள் சோலையப்பனைப் பார்த்துத்தான் பேசினாள். தாலி அறுத்த பிறகு அவரைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அத்தான், எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம், பங்கும் வேணாம். அந்தக் கொல்லையில ஒரு முசுறு உசுரோட இருக்கக்கூடாது. அதை நான் கண்ணால பாக்கணும்."

சோலையப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஏறி உலுக்கு என்று சத்தம் போட்டதும் அவர் வாய்தான். அது அவருக்கும் தெரியும், காத்தாயிக்கும் தெரியும். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே அவருக்குத் தாங்கவில்லை.

"செஞ்சிருவோம் ஆத்தா," என்றார்.

முதலில் பனையோலைப் பந்தத்தைப் பற்றவைத்துக் கூடுகளைப் பொசுக்கினார். இலை கருகியது, கிளை கருகியது. முசுறு பக்கத்துக் கிளையில் போய் மறுபடி தைத்துக்கொண்டது. அந்த வருஷம் கடலைக் கொல்லைகளில் கம்பளிப்பூச்சி கண்டு, கிராம சேவகர் ரெங்கசாமி சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வெள்ளைப் பொடி கொடுத்துக்கொண்டிருந்தார். சோலையப்பன் அவரை வழிமறித்துக் கேட்டார்.

"இது கடலைக்கு வந்த மருந்துங்க," என்றார் ரெங்கசாமி. "எறும்பும் சாகும்தான். ஆனா முந்திரிக்குப் போடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு ஒண்ணும் இல்ல."

"சார், எந்தம்பி போனது ஒங்களுக்குத் தெரியும்ல?"

ரெங்கசாமிக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க வந்துவிட்டுப் போனவர். பொடியைக் கொடுத்தார். எப்படித் தூவவேண்டும், மூக்கில் துணி கட்டவேண்டும், தூவிய பிறகு குளிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மெல்லிய துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி மூங்கில் நுனியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கூட்டின் மேலும் தட்டினார் சோலையப்பன். காத்தாயி கூடவே போனாள். சற்று நேரத்தில் எறும்புகள் உதிர ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் பொலபொலவென்று. சருகில் விழுகிற சத்தம் தூறல் மாதிரி கேட்டது. விழுந்தவை சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுருண்டன. காத்தாயி மரத்துக்கு மரம் நின்று பார்த்தாள். காலால் மிதிக்கக்கூட இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அமராவதி போட்ட சோற்றை முழுக்கத் தின்றாள். புருஷன் போனபிறகு அவள் ஒரு தட்டுச் சோறு மிச்சம் வைக்காமல் தின்றது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷம் கொட்டை எடுப்பு சுகமாக நடந்தது. கடி இல்லை, சாம்பல் பூச்சு இல்லை. கூலிக்கு வரும் பெண்கள் எல்லாக் கொல்லையும் இப்படி இருக்கக்கூடாதா என்றார்கள். அமராவதியின் சின்னப் பெண்கள் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து ஊஞ்சலாடினார்கள். சோலையப்பன் நல்ல காரியம் செய்தார் என்று ஊரே சொன்னது. காத்தாயியும் அப்படித்தான் நினைத்தாள்.

கெடுதல் அதற்கடுத்த பருவத்தில் தெரிந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு துளிர்த்த குருத்துகள் செம்பு நிறத்தில் பளபளவென்று வந்தன. வந்த வேகத்தில் வாடின. தண்டில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்து, அதிலிருந்து பிசின் வடிந்தது. தை மாதம் பூங்கொத்து எடுத்தது. அதுவும் தீயில் வாட்டியதுபோல் காய்ந்து நின்றது. இலைக்கு அடியில் மாவைத் தூவியதுபோல் வெள்ளைப் பூச்சி அப்பியது. அந்தப் பூச்சியைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சுள்ளெறும்பு. அதை எதுவும் அண்டவிடாமல் காத்து, அது விடுகிற தேன் மாதிரியான நீரை நக்கித் தின்றது. மிச்ச நீர் கீழ் இலைகளில் சொட்டி, பிசுபிசுவென்று ஒட்டி, அதன்மேல் அடுப்புக்கரி பூசினாற்போல் கரும்பூசணம் படர்ந்தது. கொல்லைக்குள் நடந்துவிட்டு வந்தால் சேலை எல்லாம் கரி.

சோலையப்பன் மறுபடி பொடி தூவினார். சுள்ளெறும்பு செத்தது; செத்த மறுவாரம் வேறு இடத்திலிருந்து வந்தது. குருத்து கருகுவது மட்டும் நிற்கவில்லை.

ரெங்கசாமி வந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குருத்தை வைத்துப் பார்த்தவர், ஒரு பூச்சியை விரலிடுக்கில் பிடித்துக் காட்டினார். கொசு மாதிரி மெலிந்த காலும், கறுப்பும் சிவப்புமான உடம்பும்.

"இதுதாங்க. குருத்துல மூக்கைக் குத்திச் சாறு குடிக்குது. குத்துன எடம் புண்ணாப் போகுது. அந்தப் புண்ணு வழியா பூசணம் உள்ள எறங்குது. அதான் கிளை நுனியிலருந்து அடி வரைக்கும் பட்டுக்கிட்டே வருது."

"இது இதுக்கு முந்தி எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் காத்தாயி.

"முந்தியும் இருந்திருக்கும்மா. எதனால இப்பப் பெருகிப்போச்சுன்னு தெரியல. மேல எழுதிக் கேக்குறேன்," என்றார் அவர். கேட்கவும் செய்தார். பதில் வருவதற்குள் கொல்லையில் கால்வாசி மரம் மொட்டையாகிவிட்டது.

சோலையப்பனால் பொறுக்க முடியவில்லை. டவுனுக்குப் போய் ஒரு கடையில் பாட்டில் மருந்து வாங்கி வந்தார். தண்ணீரில் கலந்து அடிக்கிற மருந்து. ரெங்கசாமி அதைக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார்.

"அண்ணே, இது பொடி மாதிரி கெடையாது. பொல்லாத விஷம். ஒடம்புல ஒரு சொட்டுப் படக்கூடாது. முழுக்கைச் சட்டை போடணும், காத்துக்கு எதுக்க நின்னு அடிக்கக்கூடாது. ஒசந்த மரத்துக்கு அடிக்கவே வேணாம்னுதான் நான் சொல்வேன்."

"சரிங்க சார்," என்றார் சோலையப்பன். அவரிடம் முழுக்கைச் சட்டை இல்லை. இருந்த ஒரே அரைக்கைச் சட்டையும் கல்யாணம் காட்சிக்குப் போடுகிற சட்டை.

மறுநாள் காலையில் மருந்தடிக்கப் போனார்கள். வாளியில் வைத்து அடிக்கிற கைப்பம்பு. காத்தாயி வாளியோரம் உட்கார்ந்து பம்பை அடித்தாள். சோலையப்பன் கோவணமும் தலையில் துண்டுமாக, குழாயை மேலே பிடித்து அண்ணாந்து அடித்தார். பால் மாதிரி வெளுத்த மருந்து கிளையெல்லாம் நனைத்து, இலையிலிருந்து வழிந்து, அவர் நெற்றியில், தோளில், மார்பில் சொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு அடித்தார். அந்தத் துண்டையே திரும்பத் தலையில் கட்டினார். பூண்டு அழுகியது மாதிரி நாற்றம்.

"போதும் அத்தான், நாளைக்கு அடிப்போம்," என்று அவள் சொன்னாள். அவளுக்குக் குமட்டியது.

"இந்த வரிசைய முடிச்சிருவோம் ஆத்தா."

அந்த வரிசை முடியவில்லை. அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "வெயிலு ஏன் இப்பிடி மங்குது?" என்றார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காத்தாயி எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கிப் போயிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. உடம்பு முழுக்க வேர்வை. தொடைச்சதை தானாகத் துடித்தது. அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய் புதுக்கோட்டை பஸ்ஸை நிறுத்தினார்கள். கண்டக்டர் ஆட்களை எழுப்பிவிட்டு, நடுவில் கிடத்த இடம் செய்து கொடுத்தார். அமராவதி மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பஸ் திருவரங்குளம் தாண்டும்போது சோலையப்பன் மூச்சு நின்றது.

காத்தாயி அந்தப் பஸ்ஸில் போகவில்லை. வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டு விழுந்து கிடந்தாள். அவளைப் பிறகுதான் பார்த்துத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஒரே வீட்டில் இரண்டு தாலி போயிற்று. கரி பூசிய கொல்லையும் இரண்டு பெண் குழந்தைகளும் மிச்சம். அமராவதி அழுது முடித்தாள். அழுது முடித்தபிறகு பேச்சையும் முடித்துக்கொண்டாள். குழந்தைகளிடம் வேண்டியதைச் சொல்வாள். காத்தாயிக்குத் தட்டில் சோறு போட்டு வைப்பாள். கோபமாக வைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். ஏசினால் தேவலை என்று காத்தாயிக்கு இருந்தது. அவள் ஏசவில்லை.

வீட்டில் உட்காரமுடியாமல் காத்தாயி கொல்லைக்குப் போய்விடுவாள். பட்ட கிளைகளை அரிவாளால் கழித்துக் கழித்துப் போடுவாள். மாசி மாதம் அப்படிப் போனபோது தென்கோடி மரத்தைக் கவனித்தாள். அந்த மரத்தின் ஒரு பக்கக் கிளைகள் வேலிக்கு வெளியே நீண்டு, பக்கத்திலிருந்த ஜைனுதீன் ராவுத்தரின் மாந்தோப்புக் கிளைகளோடு கலந்திருந்தன. மறுபக்கம் எல்லாம் கருகி நிற்க, அந்தப் பக்கம் மட்டும் பூங்கொத்து இளஞ்சிவப்பாக நிமிர்ந்து நின்றது. பிஞ்சுகூடப் பிடித்திருந்தது.

கிட்டப்போய் கிளையை வளைத்தாள். கையில் சுருக்கென்றது. முசுறு.

மாமரத்திலிருந்து கிளைவழியாகவே வந்து ஏறியிருந்தது. அவள் கையை உதறிவிட்டுத் தள்ளி நின்றாள். அரிவாளை எடுத்து அந்தக் கிளையை வெட்டித் தள்ளிவிடத்தான் முதலில் தோன்றியது. ஆனாலும் வெட்டவில்லை; பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு எறும்பு குருத்து வழியே போய்க்கொண்டிருந்தது. ரெங்கசாமி காட்டிய அந்தக் கொசு மாதிரிப் பூச்சி ஒன்று தண்டில் மூக்கை வைத்திருந்தது. எறும்பு அதன் காலைப் பிடித்தது. அடுத்து இன்னொன்று வந்தது, இன்னொன்று வந்தது. நாலு பக்கமும் இழுத்து விரித்துப் பிடித்தன. கூட்டுக்குள் தூக்கிக்கொண்டு போயின.

அதற்குப்பிறகு அவள் தினமும் அந்த மரத்தடிக்குப் போனாள். குருத்திலைக்கு அடியிலும் பூங்கொத்துக் காம்பிலும் பொட்டுப் பொட்டாக ஏதோ ஊறுவதையும், முசுறு ஒவ்வொரு பொட்டிலும் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போவதையும் பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. மரம் அதற்குச் சோறு போடுகிறது. அதனால்தான் அது காவல் இருக்கிறது. என் புருஷனைக் கொன்ற எறும்புக்கு இந்த மரம் அத்தனை வருஷமும் சோறு போட்டிருக்கிறது. இதை நினைத்தபோது மரத்தின் மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. வெறுத்து என்ன செய்வது? அந்த வெறுப்பில்தான் இன்னொரு உயிரும் போயிற்று.

அமராவதியிடம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. அமராவதி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தெக்கால மரத்துல முசுறு ஏறியிருக்கு. அது இருக்க பக்கம் மட்டும் பூ நிக்குது. அந்தப் பூச்சிய அது பிடிச்சுத் திங்குது. நான் கண்ணால பாத்தேன்."

முறம் நின்றது.

"அப்பன்னா," என்றாள் அமராவதி. வெகுநாள் பேசாத தொண்டை கரகரத்தது. "அதைக் கொன்னதாலதான் இம்புட்டும்."

காத்தாயி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒம் புருசனை எறும்பு கொன்னுச்சு. ஊரே பாத்துச்சு. எம் புருசனை எதுடி கொன்னுச்சு?"

"அக்கா..."

"சொல்லு. எது கொன்னுச்சு?"

"நாந்தாங்க்கா," என்றாள் காத்தாயி.

அமராவதி அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று அவள் மறுப்பாள், அழுவாள், காலில் விழுவாள், அப்போது கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம் என்று இருந்தவள் மாதிரி கையைத் தூக்கியவள், தூக்கிய கையை அப்படியே இறக்கினாள். முறத்தில் இருந்ததைப் பானையில் கொட்டினாள். அந்த வாரமே அவளுடைய தம்பி ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வண்டி கொண்டுவந்தான். இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். வாசலில் நின்ற காத்தாயியிடம், "பானையில சோறு இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ராக்கன் மறுபடி வந்தான். சின்ன வயசில் ஒருத்தி தனியாக வீட்டிலும் கொல்லையிலும் கிடப்பதைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று எடுத்துச் சொன்னான். பட்ட மரங்களை விறகுக்கு வெட்டிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான்.

"பட்டதை வெட்டு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்," என்றாள். பாதிக் கொல்லை வெட்டப்பட்டு வெறும் அடிக்கட்டைகளாகக் கிடந்தது. கிழக்கே இருந்த இளமரங்களில் மட்டும் உயிர் இருந்தது.

அவள் ஜைனுதீன் ராவுத்தர் வீட்டுக்குப் போனாள். கொட்டை வியாபாரமும் மாந்தோப்பும் உள்ளவர். ஆண்டியப்பனை நன்றாகத் தெரிந்தவர்.

"ராவுத்தரய்யா, ஒங்க தோப்புல முசுறுக்கூடு கொஞ்சம் வெட்டிக்கிறேன். எங்க மரத்துல கட்டணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயாம்மா கேக்குறே?"

"நாந்தான் கேக்குறேன்."

"தொலைச்சுக் குடுங்கன்னுதான் எல்லாரும் கேப்பாக," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், "போய் எடுத்துக்க. ராபியா, இந்தப் பிள்ளைக்குச் சாம்பல் குடு," என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி ராபியா முறத்தில் சாம்பலைக் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் அவள் கை, கழுத்து, காதுமடல் எல்லாம் தேய்த்துவிட்டாள்.

தொரட்டியால் கூடு உள்ள கிளையை அறுத்துச் சாக்குக்குள் இறக்கி, வாயைக் கட்டித் தலையில் சுமந்தாள். சாக்கின் இழை வழியாக வந்து உச்சந்தலையில் கடித்தன. கடித்த இடத்தில் அந்தப் புளித்த வாடை எழுந்தது. ஆண்டியப்பன் முகத்தில் அன்று எழுந்த அதே வாடை. அவள் வரப்பில் நின்றுவிட்டாள். சாக்கைக் கீழே போடவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு நடந்தாள்.

அந்தக் கூடுகளைக் கிழக்கே இருந்த இளமரங்களில் கட்டினாள். அது போதவில்லை என்று, கண்மாய்க்கரையிலிருந்த இலுப்பை மரத்திலிருந்தும் கூடுகளை வெட்டிக்கொண்டுபோய் அதே மரங்களில் கட்டினாள். அங்குதான் தப்பு நடந்தது. மறுநாள் காலையில் மரத்தடி செக்கச்செவேல் என்று கிடந்தது. ஒரு தோப்பு எறும்பு இன்னொரு மரத்து எறும்பை அண்டவிடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கடித்துப் பிடித்த பிடியை விடாமலே ஜோடி ஜோடியாகச் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்தவை கிளையில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பொடி தூவிய அன்று இதே மாதிரி கிடந்ததைப் பார்த்துத்தான் அவள் சோறு தின்றாள். இப்போது அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விசும்பி விசும்பி அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மறுபடி ராவுத்தர் தோப்புக்கே போனாள். இந்தத் தடவை வேறெங்கும் போகவில்லை. ஒரே மாமரத்திலும் அதை ஒட்டியிருந்த மரங்களிலும் கிடந்த கூடுகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்தாள். கொல்லையில் மரத்துக்கு மரம் வைக்கோல் புரி திரித்துக் கட்டினாள். முசுறு அந்தப் புரி மேல் ஏறி மரம் மாறியது. சுள்ளெறும்பை முதலில் விரட்டியது. ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த குருத்தில் கறுப்புப் புள்ளி குறைந்திருந்தது. தையில் பூ நின்றது. ரெங்கசாமி வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்துக்கு மரம் சுற்றிப் பார்த்தார். "அண்ணன்ட்ட அந்தப் பொடியைக் குடுத்திருக்கக்கூடாதும்மா," என்றார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனசில்லை.

முசுறை அவள் மன்னிக்கவில்லை. கிளையில் அது ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இமைகள் நினைவுக்கு வரும். அது வேண்டும், அவ்வளவுதான். அதுவும் அவளுக்கென்று விட்டுக்கொடுக்கவில்லை. கிளையைத் தொட்டால் கடிக்கத்தான் செய்தது.

அந்தச் சித்திரையில் கொட்டை பொறுக்கினாள். முன்பு எடுத்ததில் ஒரு மூலைக்குக் காணாது. அதில் ஒரு பகுதியைச் சாக்கில் கட்டிக்கொண்டு, ஆலங்குடியில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, ஆவுடையார்கோவிலில் இறங்கினாள். அமராவதியின் தம்பி வீடு தெருக்கோடியில் இருந்தது. அமராவதி கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, தலை நரைத்துப் போயிருந்தது. பெரிய பெண் சித்தியைப் பார்த்து ஓடிவந்தவள், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றுகொண்டாள்.

காத்தாயி சாக்கை இறக்கி வைத்தாள். "பிள்ளையளுக்கு."

அமராவதி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சாக்கைத் தொடவில்லை. காத்தாயியின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்து, சில இடங்களில் புண்ணாகியிருந்தது.

"கடிச்சுதா?"

"கடிச்சுது."

சாக்கின் மடிப்பிலிருந்து ஒரு முசுறு வெளியே வந்தது. எப்படியோ கூடவே வந்துவிட்டது. பஸ்ஸில் இத்தனை தூரம் வந்த எறும்பு, தரையில் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. இருவரும் பார்த்தார்கள். அமராவதி குனிந்து, கட்டைவிரலால் அதைத் தரையோடு அழுத்தித் தேய்த்தாள். அதற்குப் பிறகும் விரலை எடுக்கவில்லை.

"திரும்பிப் போறதுக்கு பஸ் எப்ப?" என்று அமராவதி கேட்டாள்.

"சாயங்காலம் ஒண்ணு இருக்குன்னாங்க."

அமராவதி எழுந்து உள்ளே போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. "கையக் கழுவிட்டு வா. சாப்பிட்டுட்டுப் போ," என்றாள்.